காசு கொடுத்து வாங்கிய கேம் யாருடையது? டிஸ்க்கா, டவுன்லோடா... ராமநாதபுரம் கடற்கரை கேமர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஜிடிஏ 6 கேமுக்கு ராக்ஸ்டார் நிறுவனம் கடைசியாக அறிவித்த தேதி 2026 நவம்பர் 19. முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அதுவும் தள்ளிப்போனது. 2013-ல் வந்த ஜிடிஏ 5-க்குப் பிறகு 13 வருடக் காத்திருப்பு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும்தான் முதலில் வருகிறது என்பதால், இந்த ஒரு கேமுக்காகவே கன்சோல் வாங்கலாமா என்று கணக்குப் போடுபவர்கள் சென்னையில் மட்டுமல்ல, கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் இருக்கிறார்கள்.

கணக்கு அங்கேயே சிக்கலாகிறது. பிஎஸ்5 ஸ்லிம் மாடல் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் டிரைவ் உள்ளது 54,990 ரூபாய், டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் 44,990 ரூபாய். 10,000 ரூபாய் மிச்சம்தானே என்று தோன்றும். ஆனால் டிஜிட்டல் எடிஷனை வாங்கிவிட்டால், நண்பன் கொடுக்கும் டிஸ்க்கைக்கூட செருக இடமில்லை. தனியாக டிரைவ் வாங்கி மாட்டலாம். அதற்கும் முதல் தடவை இன்டர்நெட் வேண்டும். ஆக, டிஸ்க்கா (நம்ம ஊர் பேச்சில் இன்னும் அது ‘சிடி’தான்) டவுன்லோடா என்ற முடிவு கேம் வாங்கும்போது எடுப்பது இல்லை, கன்சோல் வாங்கும் அன்றே எடுத்தாகிவிடுகிறது.

‘வாங்கு’ பட்டனை அழுத்தினால் எதை வாங்குகிறோம்?

கேமை அல்ல, கேமை விளையாடும் அனுமதியைத்தான். பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ், ஸ்டீம் எல்லாவற்றின் விதிமுறைகளிலும் இதுதான் இருக்கிறது. யாரும் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுப் போகும் பக்கம் அது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி 1 முதல், உரிமத்தை மட்டும் விற்கும் ஸ்டோர்கள் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் பில் பக்கத்தில் ‘நீங்கள் பெறுவது உரிமம்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டது. இந்தியாவில் இப்படி ஒரு தனிச்சட்டம் கிடையாது.

அனுமதி என்றால் திரும்பப் பெறவும் முடியும். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ‘தி க்ரூ’ கார் ரேஸ் கேம் 2014 டிசம்பரில் வந்தது. 2024 மார்ச் 31-ம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அடுத்த சில நாட்களில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்தே உரிமத்தை எடுத்துவிட்டார்கள். ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கம் இதிலிருந்துதான் பிறந்தது. கேமை நிறுத்தினாலும் விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்ற அதன் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜிடிஏ ரசிகர்களுக்கும் இந்த அனுபவம் புதுசு இல்லை. ஜிடிஏ 4-ல் இருந்த பாடல்களின் உரிமக் காலம் முடிந்ததால், 2018-ல் ஒரு அப்டேட் மூலம் பல பாடல்கள் நீக்கப்பட்டன. 2021-ல் புதிய பதிப்பு வருவதற்கு முன்பு, பழைய ஜிடிஏ 3, வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் மூன்றும் டிஜிட்டல் ஸ்டோர்களில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டன. அலமாரியில் பழைய டிஸ்க் வைத்திருந்து, அந்த அப்டேட்டைப் போடாதவரின் கேமில் பாட்டு அப்படியே ஓடியது.

செல்போன் கேமர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2020 செப்டம்பர் 2-ம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சேவை மொத்தமாக நின்றது. அதற்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலை 28-ல் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் விளையாட முடிந்தது. போன் மாற்றியவர்கள் பாடு திண்டாட்டம்தான். இங்கே டிஸ்க் என்ற மாற்று வழியே இல்லை.

அப்படியானால் டிஸ்க் வாங்கினால் கவலை இல்லையா?

அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. ‘தி க்ரூ’ டிஸ்க்காகவும் விற்றது. சர்வர் நின்ற அன்று அந்த டிஸ்க்கும் டீ கிளாஸ் வைக்கும் தட்டு ஆகிவிட்டது. ஆன்லைனில் மட்டுமே ஓடும் கேமுக்கு டிஸ்க் என்பது வெறும் சாவி.

இன்னொரு வேலையும் நடக்கிறது. 2022-ல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ பிஎஸ்5 டிஸ்க்கில் இருந்தது சுமார் 70 எம்பி மட்டும், மீதி எல்லாம் டவுன்லோட். 100 ஜிபி வரை கொள்ளும் டிஸ்க்கில் 70 எம்பி! சில கேம்களில் டப்பாவைத் திறந்தால் டிஸ்க்கே இருக்காது, கோட் அச்சிட்ட ஒரு சீட்டு மட்டும் இருக்கும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு ‘கேம் கீ கார்டு’ என்று ஒரு வகை வந்திருக்கிறது. கார்டு உண்டு, அதில் கேம் கிடையாது. நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் கார்டை இன்னொருவருக்கு விற்கலாம், அது ஒரு ஆறுதல்.

ஆகவே டப்பாவின் அட்டையைப் படிக்காமல் வாங்கக் கூடாது. ‘இன்டர்நெட் தேவை’, ‘டவுன்லோட் தேவை’ என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

100 ஜிபி இறக்க எத்தனை நாள்?

ராமநாதபுரம் டவுனில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தால் சுமார் இரண்டேகால் மணி நேரம். 30 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி நேரம். 10 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் 22 மணி நேரத்துக்கும் மேல். இதெல்லாம் வேகம் சீராக இருந்து, நடுவில் கரன்ட் போகாமல் இருந்தால் வரும் கணக்கு. மாதாந்திரப் பராமரிப்புக்காக காலையில் நிறுத்திய மின்சாரம் சாயங்காலம் வரும் நாளில் கணக்கு வேறு. நல்லவேளையாக, விட்ட இடத்திலிருந்து டவுன்லோட் தொடரும்.

ஃபைபர் வராத மீனவ கிராமத்தில் செல்போன் ஹாட்ஸ்பாட்தான் வழி என்றால் நிலைமை மோசம். தினம் 1.5 ஜிபி பிளானில் 100 ஜிபி கேமை இறக்க 67 நாள் ஆகும், அதுவும் அந்த 67 நாளும் போனில் வேறு எதையும் பார்க்காமல் இருந்தால். அன்லிமிடெட் 5ஜி கிடைக்கும் இடத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

தனுஷ்கோடி பக்கம் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். செல்போன் இலங்கை டவரைப் பிடித்து ‘வரவேற்பு’ மெசேஜ் காட்டுவது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். டேட்டா ரோமிங் ஆன் ஆகியிருக்கும் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கேம் அப்டேட்டை ஓடவிட்டால், கேம் விலையைவிட பில் பெரிதாக வர வாய்ப்பிருக்கிறது. செட்டிங்ஸில் ரோமிங்கை ஆஃப் செய்து வைப்பது நல்லது.

இணையம் இல்லாத நேரத்திலும் டிஜிட்டல் கேம் ஓடும், ஒரு நிபந்தனையோடு. பிஎஸ்5-ல் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே’ என்ற செட்டிங் ஆன் ஆகியிருக்க வேண்டும். 2025 பிப்ரவரி 7, 8 தேதிகளில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒரு நாள் முடங்கியபோது இந்த செட்டிங்கின் அருமை பலருக்குப் புரிந்தது. டிஸ்க் வைத்திருந்தவர்கள் கதை கேம்களை விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

துபாயிலிருந்து வரும் டிஸ்க்... இங்கே ஓடுமா?

இந்தக் கடற்கரையின் உண்மையான கேள்வி இதுதான். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று வரிசையாக உள்ள ஊர்களில் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா தொடர்பு இல்லாத தெருவைத் தேட வேண்டும். விடுமுறைக்கு வருபவரின் பெட்டியில் சாக்லேட், சென்ட் பாட்டிலோடு கேம் டிஸ்க்கும் வருவது சகஜம். கன்சோலே அங்கிருந்து வருவதும் உண்டு.

பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது. துபாயில் வாங்கிய டிஸ்க் ராமநாதபுரத்தில் ஓடும். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. அந்தக் கேமுக்கு கூடுதல் பகுதி, அதாவது டிஎல்சி, தனியாகக் காசு கொடுத்து வாங்கினால், டிஸ்க் எந்தப் பிராந்தியத்துக்கானதோ அதே பிராந்திய ஸ்டோரில் வாங்கிய டிஎல்சிதான் அதோடு சேரும். இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்கிவிட்டு ‘ஏன் வரவில்லை’ என்று முழிப்பவர்களின் பிரச்சினை பெரும்பாலும் இதுதான். கதையை முடித்தால் போதும் என்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. கூடுதல் மேப், கூடுதல் கதை வேண்டும் என்பவர் அந்த டிஎல்சி எந்தப் பிராந்தியத்துக்கானது என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

டிஜிட்டலில் சிக்கல் இன்னும் ஆழம். பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்கும்போது எந்த நாடு என்று குறிப்பிடுகிறோமோ, அதைப் பின்னால் மாற்ற முடியாது. உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். துபாயில் வேலை பார்க்கும் காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) அங்கேயே கணக்கு தொடங்கி 5 வருடத்தில் 20 கேம் வாங்குகிறார். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறார். வாங்கிய 20 கேமும் இங்கே ஓடும். ஆனால் 21-வது கேமை அதே கணக்கில் வாங்க இந்திய வங்கிக் கார்டு சரிப்படாது. அமீரகத்துக்கான கிஃப்ட் கார்டு தேட வேண்டும், விலையும் டாலரில். இந்தியக் கணக்கு புதிதாகத் தொடங்கலாம், பழைய 20 கேமை அதற்கு மாற்ற முடியாது. தம்பியின் கணக்குக்கும் மாற்ற முடியாது. இந்தக் கணக்கு விவகாரத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

அதே 20 கேமும் டிஸ்க்காக இருந்திருந்தால்? பெட்டியில் போட்டு எடுத்து வந்திருப்பார், தம்பி தன் கணக்கில் விளையாடியிருப்பான். எடையும் கொஞ்சம்தான்.

ஸ்டீம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. நாடு மாறினால், அந்த நாட்டு வங்கிக் கார்டில் பணம் கட்டி கணக்கின் நாட்டை மாற்றிக்கொள்ளலாம். 2015 முதலே ரூபாயில் விலை போடுகிறார்கள். நின்டெண்டோ கணக்கிலும் நாட்டை மாற்றலாம். ஆனால் இந்தியாவுக்கென்று நின்டெண்டோ ஸ்டோரே இல்லை. அதனால் இங்கே ஸ்விட்ச் வைத்திருப்பவர்களில் பலருக்கு வெளிநாட்டிலிருந்து வரும் கார்டுதான் கதி.

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன நிலை?

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் பிஎஸ்5 வைத்திருப்பவர்களுக்கு முதல் படியிலேயே தடை. பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு தொடங்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை கிடையாது. வேறு நாட்டைக் குறிப்பிட்டுத்தான் கணக்கு தொடங்க முடியும், அது விதிமுறைக்கு முரண். 2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமை பிசியில் விளையாடவும் பிளேஸ்டேஷன் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தபோது, இப்படிப்பட்ட நாடுகளில் ஸ்டீம் விற்பனையே நிறுத்தப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் கட்டாயம் என்ற நிபந்தனையை சில நாட்களில் சோனி கைவிட்டது. 30 கிலோமீட்டர் கடல்தான் நடுவில். ஆனால் டிஜிட்டல் ஸ்டோரின் வரைபடத்தில் ஒரு கரை இருக்கிறது, இன்னொரு கரை இல்லை.

விற்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

புதிதாக வரும் பெரிய பிஎஸ்5 கேம் ஒன்றின் விலை ஏறத்தாழ 5,000 ரூபாய். விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில், அந்த 5,000 சின்னத் தொகை இல்லை. கைமுடை வந்தால் நகையை அடகு வைக்கலாம், டிஸ்க்கை விற்கலாம். டிஜிட்டல் லைப்ரரியை வைத்து என்ன செய்வது?

டிஸ்க்கை விற்பதில் சட்டச் சிக்கல் பெரிதாக இல்லை. சாஃப்ட்வேரை சிடி போன்ற ஒன்றில் பதிந்து விற்றால் அது ‘சரக்கு’தான் என்று டாடா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004-ல் சொன்னது. அது விற்பனை வரி வழக்கு என்றாலும், கையில் இருப்பது பொருள் என்பது அதில் தெளிவானது. பதிப்புரிமைச் சட்டத்தில், ஏற்கெனவே விற்ற பிரதியின் மறுவிற்பனையையும் கட்டுப்படுத்திய சொற்கள் 1999 திருத்தத்தில் நீக்கப்பட்டன. வாடகைக்கு விட்டு காசு பார்ப்பதற்குத்தான் இன்னும் கட்டுப்பாடு.

டிஜிட்டல் கேமை மறுவிற்பனை செய்யும் உரிமை கேட்டு பிரான்சில் ஒரு நுகர்வோர் அமைப்பு ஸ்டீம் மீது வழக்குப் போட்டது. 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் விற்கலாம் என்றது, 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அத்தோடு ஐரோப்பாவிலும் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது.

கன்சோல் அறிமுக விலையில் இருந்த 10,000 ரூபாய் வித்தியாசத்தை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 5,000-க்கு வாங்கிய டிஸ்க்கை முடித்துவிட்டு 2,500-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், நாலாவது கேமில் அந்த 10,000 திரும்பிவிடும். வருடத்துக்கு ஒரே ஒரு கேம், அதுவும் பாதி விலை ஆஃபரில் மட்டும் வாங்குவேன் என்பவருக்கு டிஜிட்டல் எடிஷனே லாபம். இதில் மானம், ரசனை எதுவும் இல்லை; வெறும் கூட்டல் கழித்தல்.

உப்புக் காற்று டிஸ்க்கை அரிக்குமா?

பாம்பன் கடற்பகுதி உலகிலேயே துரு அதிகம் பிடிக்கும் இடங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்தில் அதற்காகவே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட காற்றில் டிஸ்க் பெரிதாகப் பாதிக்கப்படாது, அது பெரும்பாலும் பிளாஸ்டிக். மோட்டாரும் லென்ஸும் உள்ள டிரைவுக்கும், காற்றை உள்ளே இழுக்கும் ஃபேனுக்கும்தான் ஆபத்து. ஜன்னலோரம் கன்சோலை வைப்பதைத் தவிர்க்கலாம்.

ஒரு இடத்தில் மட்டும் டிஜிட்டல் தெளிவாக ஜெயிக்கிறது. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அப்படி ஒரு நாளில் கன்சோலும் டிஸ்க்கும் போனால் போனதுதான். கணக்கில் இருக்கும் கேமை வேறு கன்சோல் வாங்கித் திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

எந்த கேமை எப்படி வாங்கலாம்?

தனியாக விளையாடி முடிக்கும் கதை கேம் என்றால் டிஸ்க், அதிலும் முழு கேமும் உள்ள டிஸ்க். முடித்ததும் விற்கலாம், கொடுக்கலாம், வைத்துக்கொள்ளலாம். ஆன்லைன் கேமுக்கு டிஸ்க் வாங்கிச் சேர்ப்பதில் அர்த்தமில்லை, ஆஃபரில் டிஜிட்டலாக வாங்கினால் போதும். பிசி வைத்திருப்பவர்களுக்கு டிஸ்க் காலம் எப்போதோ முடிந்துபோச்சு. அவர்களுக்கு இருக்கும் நல்ல நடுவழி, போலந்தைச் சேர்ந்த ஜிஓஜி ஸ்டோர். அங்கே வாங்கும் கேமின் இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரப்படுத்தினால், பிறகு அந்த ஸ்டோரின் அனுமதி இல்லாமலே ஓடும். டவுனில் உள்ள நண்பர் வீட்டில் இறக்கி, ஹார்ட் டிஸ்க்கில் ஊருக்கு எடுத்துப் போகவும் வசதி. அதற்காக ஊர் முழுக்க காப்பி போட்டுக் கொடுக்க அனுமதி இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் வாங்குபவர்கள், டிஜிட்டல் கேம் என்றால் அவர் கணக்கில் வாங்காமல், ஊரில் விளையாடப்போகிறவரின் இந்தியக் கணக்கிலேயே வாங்கிக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

பணம் போய் கேம் வராவிட்டால் எங்கே புகார் செய்வது?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மின்வணிகம் என்பதற்கான விளக்கத்திலேயே டிஜிட்டல் பொருட்களும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எதிர்த்தரப்பு நிறுவனத்தின் அலுவலகம் மும்பையிலோ பெங்களூருவிலோ இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். அதாவது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியலாம். பில், பணம் கட்டிய மெசேஜ், ஸ்டோரோடு நடந்த மெயில் உரையாடல், எரர் காட்டும் திரையின் ஸ்கிரீன்ஷாட் இவை கையில் இருக்க வேண்டும். டிஸ்க் என்றால், டப்பாவைப் பிரிக்கும்போதே ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்வது உதவும்.